மலை நடை

தேயிலை மலையில் வேலை செய்து வயதானவர்களை, கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்தினாலும் நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். கால்களைக் கொஞ்சம் அகட்டி வைப்பார்கள். எடுத்து வைக்கிற எட்டு சிறிதாக இருக்கும். பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பாது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சரிவு, நடுவில் ஈரம் காயாத ஒற்றையடித் தடம் என்று காலமெல்லாம் நடந்தவர்களுக்குக் கால் அப்படித்தான் பழகும். அகட்டி வைத்தால் சறுக்காது. சின்ன எட்டாக வைத்தால், சறுக்கினாலும் செடியைப் பிடித்துக்கொள்ள நேரமிருக்கும். இதை மலை நடை என்பார்கள். கோத்தகிரிக்குக் கீழே சோலைப்பாறை எஸ்டேட் டிவிசனில், ஒருவர் அப்படி நடந்துபோனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

காத்தமுத்து நடந்ததையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காத்தமுத்து சிலோனிலிருந்து வந்தவர். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மீசை முளைக்கிற வயதில் குடும்பத்தோடு கப்பலேறி, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. ஓய்வுபெறும்வரை அவர் பார்த்த வேலை கான் வெட்டு.

கான் என்றால் மழைத்தண்ணீர் போகிற வாய்க்கால். மலையில் பெய்கிற மழை நேராக இறங்கினால் தேயிலை வேரில் இருக்கிற மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே, மிகக் கொஞ்சமான சாய்வில், கான் வெட்டுவார்கள். சாய்வு கூடினால் தண்ணீர் பாய்ந்து அடிமண்ணை அறுக்கும். குறைந்தால் தேங்கும், தேங்கிய தண்ணீர் என்றைக்காவது ஒருநாள் கரையை உடைத்துக்கொண்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் மேல் இறங்கும். “தண்ணிய நிப்பாட்டவும் கூடாது, ஓடவும் விடக்கூடாது. நடத்திக் கூட்டிட்டுப் போவணும்” என்பது காத்தமுத்து அடிக்கடி சொல்லிவந்தது.

சொல்லிவந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இரண்டு வருடமாக அவர் பேச்சு சுருங்கிப்போயிருந்தது. டீக்கடையில் நாள் முழுக்கக் கதையளந்த மனிதர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சில சமயம் பதில் வரும். அதற்குள் கேட்டவர் கேள்வியை மறந்திருப்பார். சாப்பிட்டதை மறந்தார். சம்பந்தி ஊர்ப் பெயரை மறந்தார். ஒருநாள் தேத்தண்ணி போடப் போனவர் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். அன்றைக்கு வேலையிலிருந்து அவசரமாகத் திரும்பிய மகள் விஜயா, கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

லயத்து வீடு இப்போது விஜயாவின் பேரில் இருந்தது. அவள் கொழுந்து எடுக்கப் போய்விடுவாள். அவள் கணவன் அருள்ராஜ் கொழுந்து ஏற்றும் பிக்அப் ஓட்டுகிறவன், குன்னூர்ப் பக்கத்துக்காரன். விஜயாவின் அம்மா தெய்வம்மாவுக்கு முழங்கால் வலி. பகலில் காத்தமுத்துவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மேட்டுப்பாளையத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் இருப்பதாக அருள்ராஜ் விசாரித்து வந்தான். திங்கட்கிழமை கூட்டிப்போவது என்று முடிவானது. ஒரே மாதிரி உடுப்புகள் மாறிவிடும், பெயர் தைத்துக் கொடுங்கள் என்று இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். விஜயா இரண்டு சுவெட்டர், மூன்று வேட்டி, மஃப்ளர், எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் கா.மு. என்று தைத்துப் பையில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் வைத்தாள். தைக்கும்போது அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் எதையும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. கோத்தகிரிப் பக்கம் இந்த மழைதான் பெரிய மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பிக்அப் ஓடவில்லை. கொழுந்து எடுக்க மலைக்குப் போன பெண்களையும் பாதியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக ஆளுக்கொரு திசையில் இருக்கும் வீட்டில் நாலு பேரும் ஒன்றாக இருந்தார்கள். தெய்வம்மா கோதுமை மாவில் தேங்காய் துருவிப் போட்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வெங்காயமும் காய்ந்த மிளகாயும் வைத்து இடித்த கட்டச் சம்பலின் காரம் வீடெங்கும் ஏறியிருந்தது. அப்போதுதான் ஃபாயிஸா குடையை மடக்கிக்கொண்டு இஸ்தோப்பில் ஏறினாள். லயத்து வீட்டின் முன்பக்கம் கூரை இறக்கிய தாழ்வாரத்தை சிலோன்காரர்கள் இஸ்தோப்பு என்றே இன்றும் சொல்கிறார்கள்.

ஃபாயிஸாவின் வாப்பாவுக்கு ஊட்டி மார்க்கெட்டில் தைலக் கடை. அவள் சமூகப்பணி படித்துவிட்டு, தோட்டங்களில் அறுபது தாண்டியவர்களின் ஞாபகசக்தி பற்றிய ஓர் ஆய்வில் வீடு வீடாகப் போய்ச் சோதித்துவருகிறாள். வழக்கமான சோதனைகள் பள்ளிக்கூடம் போனவர்களுக்காகச் செய்தவை. கடிகாரம் வரையச் சொல்லும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும். பேனா பிடிக்காத கையிடம் அதைக் கேட்டால் மறதியா, படிக்காததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இந்த ஆய்வில் தீக்குச்சிகளை அடுக்கச் சொன்னார்கள், கதை சொல்லித் திருப்பிக் கேட்டார்கள். இன்னொன்றும் உண்டு: நடந்துகொண்டே காய்கறிப் பெயர்களைச் சொல்ல வேண்டும்.

இது விளையாட்டுப்போலத் தெரியும். ஆனால் நல்ல யோசனை. நடை தானாக நடக்கிற காரியம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் மூளை அதற்கும் ஒரு பங்கு ஆளை ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆள் பலம் தாராளமாக இருக்கும்வரை பேசிக்கொண்டே நடக்கலாம், சண்டை போட்டுக்கொண்டே மேடு ஏறலாம். ஆள் குறைந்துவிட்டால் மூளை ஒரு வேலையை நிறுத்திவிட்டுத்தான் இன்னொன்றைச் செய்யும். மறதி முற்றுவதற்கு முன்பே இதை நடையில் பார்க்க முடியும்.

காத்தமுத்து இஸ்தோப்பின் இந்தக் கோடியில் நின்றார். ஃபாயிஸா போனில் படமெடுத்தாள். அவர் சின்ன எட்டில், கால் அகட்டி, தேய்த்துத் தேய்த்து நடந்தார். நின்றார். “கோசு” என்றார். நடந்தார். நின்றார். “காரட்டு.” கோடிக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் நின்றபடி பாதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கடிகார முள் சுற்றுவதுபோல, ஒரு சுற்று வந்தார். அவர் திரும்பி முடிப்பதற்குள் சட்டியில் ரொட்டி தீய்ந்தது.

ஃபாயிஸா எத்தனையோ மறதிக்காரர்களைப் பார்த்திருந்தாள். பேத்தி பெயரை மறந்தவர்கள்கூடக் கால் நன்றாக இருந்து, கண்ணசந்தால் டிவிசனைத் தாண்டிப் போய்விடுவார்கள். இவருக்கு மறதியைவிடக் கால்தான் மோசமாக இருந்தது. அவள் மதிப்பெண் குறிக்கும் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு, ஆய்வில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“எது முதல்ல வந்துச்சுங்க? மறதியா, இந்த நடையா?”

“நடைக்கு என்னா? அது மலை நடை,” என்றாள் விஜயா. “எங்க லயத்துல எல்லாருக்கும் அப்படித்தான்.”

அருள்ராஜ் வாயிலிருந்த ரொட்டியை மென்று முடித்தான். “இல்ல விஜயா. மலை நடைக்காரங்க சமதரையில நல்லாத்தான் நடப்பாங்க. மாமா ஃபாக்டரி வாசல்ல, சிமெண்ட் தரையில நின்னுட்டாரு. பசை போட்டு ஒட்டுன மாதிரி கால் வரல. நான்தான் பின்னாடி இருந்து இடுப்பைத் தள்ளி விட்டேன்.”

“எப்போ?”

“மூணு வருசம் இருக்கும். செடி கவ்வாத்து வெட்டுனப்போ. மறதியெல்லாம் அதுக்கப்புறம்தான்.”

“எங்கிட்ட சொல்லவே இல்ல.”

“சொன்னா நீ வெளிய உடமாட்ட. மாமாவுக்கு இருக்கறதே அந்த ஒரு டீக்கடைதான்.”

ஃபாயிஸா தயங்கி, ஒன்றுக்குப் போவதில் ஏதும் சிரமம் உண்டா என்று கேட்டாள். விஜயா அதெல்லாம் இல்லை என்றாள். தெய்வம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அது சரியாக வேகவில்லை, மறுபடியும் திருப்பினாள்.

“அத எதுக்குக் கேக்குறீக?” என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

“தெரிஞ்சா நல்லதுங்கம்மா.”

“குளிருல வயசானவுகளுக்கு வாரதுதான். கக்கூஸ் லயத்துக்குப் பின்னாடி இருக்கு, அதுக்குள்ள முடிஞ்சிருது. விடியமுன்ன நான் அலசிப் போட்டுருவேன். புள்ளைக்குத் தெரியாது.” பிறகு விஜயாவைப் பார்த்துச் சொன்னாள்: “ஒனக்குத் தெரிஞ்சா நீ இன்னும் சீக்கிரம் அனுப்பிருவியோன்னுதான்.”

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. ஒருவருக்குத் தெரிந்தது நடை, ஒருவருக்குத் தெரிந்தது மூத்திரம், எல்லாருக்கும் தெரிந்தது மறதி. முதல் இரண்டையும் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் மறைத்துவைத்திருந்தார்கள். நடைக்கு மலை காரணம், மூத்திரத்துக்குக் குளிர் காரணம், மறதிக்கு வயது காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலும் இருந்தது. மூன்றையும் ஒரே நாளில் ஒரே கூரைக்குக் கீழே போட்டுப் பார்த்தது அன்றுதான்.

ஃபாயிஸாவால் உட்கார முடியவில்லை. நான் டாக்டர் இல்லை, எதையும் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இஸ்தோப்பின் மூலையில் சிக்னல் தேடி, கோயம்புத்தூரில் ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவுக்கு அந்தப் படத்தையும் இங்கே கேட்டதையும் அனுப்பினாள். இரண்டு வருடமாக லயம் லயமாகப் போய் மதிப்பெண் போட்டிருக்கிறாள். மகன்களும் மகள்களும் வாசல்வரை வந்து, “இதுக்கு மருந்து இருக்குதுங்களா?” என்று கேட்பார்கள். பெரும்பாலும் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்குவாள். போன் திரும்பி வந்தபோது முதல் மணியிலேயே எடுத்தாள்.

டாக்டரம்மா சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். மூளையில் தண்ணீர் தேங்கினால் இந்த மூன்றும் சேர்ந்து வரும். அதுவாக இருந்தால் வைத்தியம் உண்டு. இல்லாமலும் போகலாம். பார்த்தால்தான் தெரியும்.

அருள்ராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. “ஏனுங்க, கடைசியில தலையில ஓட்டை போடோணும்பாங்க. அதுக்கு மேட்டுப்பாளையத்துல பத்திரமா உக்காந்திருக்கலாமுங்க.” இல்லத்தில் ஒரு வாரம்தான் இடம் வைத்திருப்பார்கள், போனால் திரும்பக் கிடைக்காது என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

தெய்வம்மா ரொட்டிச் சட்டியை இறக்கி வைத்தாள்.

“எப்புடியும் பஸ்சுல ஏத்தத்தானே போறீக. அதே வழியில இன்னும் கொஞ்ச தூரம் ஒக்காந்தா கோயம்புத்தூரு.”

ரோடு திறந்ததும் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பி வைத்து, மூன்று பேரையும் கிட்டத்தில் உட்காரவைத்துக் காட்டினார். அவர் சொன்னது இது. நம் மூளைக்கு நடுவில் சில அறைகள் உண்டு. அந்த அறைகளில் ஒரு தெளிந்த நீர் இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளில் அரை லிட்டர் ஊறும். மூளையைச் சுற்றி, முதுகுத்தண்டு வழியே இறங்கி ஏறி, கடைசியில் ரத்தத்தில் போய்ச் சேரும். ஊறுகிற அளவும் வடிகிற அளவும் சரியாக இருக்கும்வரை நமக்கு அப்படி ஒரு நீர் இருப்பதே தெரியாது. சிலருக்கு வயதான காலத்தில் வடிவது மந்தமாகிவிடும். அறைகள் மெல்ல உப்பும். அந்த அறைகளை ஒட்டித்தான் காலுக்கும் மூத்திரப்பைக்கும் போகிற நரம்புப் பாதைகள் ஓடுகின்றன. அவை இழுபடும். முதலில் கால் தடுமாறும். பிறகு மூத்திரம் அடங்காது, யோசனை மந்தமாகும்.

படத்தில் காத்தமுத்துவின் மூளை நடுவே கறுப்பாகப் பெரிய பட்டாம்பூச்சி விரிந்திருந்தது. இத்தனை பெரிதாக இருக்கக் கூடாது என்றார்.

ஆனால் மூளை சுருங்கினாலும் அறை பெரிதாகத் தெரியும். எது எது என்று பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. முதுகில் ஊசி போட்டு, ஒரு சின்ன டம்ளர் அளவு நீரை எடுத்துவிட்டு, ஆளை நடக்கவைத்துப் பார்ப்பது. தேங்கல்தான் காரணமென்றால், கொஞ்சம் வடித்த உடனே நடை மாறும். அந்த மாற்றம் சில நாள்தான் நிற்கும். நீர் மறுபடி ஊறிவிடும். ஆனால் வழி இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

காலையில் ஊசி போட்டார்கள். மல்லாந்து படுத்திருந்தவரை மாலையில் எழுப்பி நடக்கவைத்தார்கள். ஃபாயிஸா ஊட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். காத்தமுத்து எழுந்தார், கால்களை அகட்டினார், தேய்த்தார். திரும்பச் சொன்னபோது அதே கடிகார முள்.

அருள்ராஜ் வெளியே போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தான். அப்போதே சொன்னேனே என்று அவன் சொல்லிக்காட்டவில்லை. அதுவே விஜயாவுக்குத் தாங்கவில்லை. சிலருக்கு மறுநாள்தான் தெரியும், சிலருக்குத் தெரியாமலே போகும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை. தெய்வம்மா கண் விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள் விஜயா வராந்தாவுக்கு ஓடினாள். கழிப்பறையின் கதவைத் திறந்துகொண்டு காத்தமுத்து வந்துகொண்டிருந்தார். வேட்டி காய்ந்திருந்தது. கால் தரையை விட்டு எழுந்து எழுந்து இறங்கியது. வழியில் சக்கர நாற்காலி ஒன்று குறுக்கே நின்றது. அவர் அதைப் பார்த்தார், ஒதுங்கினார், தாண்டினார். வார்டு வாசலில் சட்டென்று திரும்பினார். ஒரு எட்டு, இன்னொரு எட்டு, அவ்வளவுதான்.

இரவு அங்கேயே தங்கியிருந்த ஃபாயிஸா அதைப் போனில் படமெடுத்து, முந்தைய படத்தையும் இதையும் அடுத்தடுத்து ஓடவிட்டாள். தெய்வம்மா இரண்டையும் பார்த்தாள். மறுபடியும் போடச் சொன்னாள். மூன்றாம் முறை போடச் சொல்லிவிட்டு, “என்னாங்க, காய்கறிப் பேரு சொல்லுங்க பாப்பம்” என்றாள்.

அவர் நடந்துகொண்டே சொன்னார். கோசு, காரட்டு, பீன்ஸு, டர்னிப்பு, பீட்ரூட்டு. மலையில் விளைகிறதெல்லாம் தீர்ந்ததும் சிலோனில் விளைகிறதற்குப் போனார். அருள்ராஜ் எதிர்ப்பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான்.

டாக்டரம்மா வந்து நடையைப் பார்த்துச் சிரித்தார். உடனே ஆபரேஷன் பற்றிப் பேச்செடுத்தார். தலை தெளிந்திருக்கிறது, இதுதான் அவரிடமே கேட்கிற நேரம், என்ன முடிவென்றாலும் அவர் வாயால் வரட்டும் என்றார். காத்தமுத்துவின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார்: தலைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய், தோலுக்கடியிலேயே காதுக்குப் பின்னால், கழுத்து, நெஞ்சு வழியாக இறங்கி வயிற்றுக்குள் போகும். மிஞ்சின நீர் அங்கே வடிந்துவிடும்.

காத்தமுத்து யோசித்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த யோசனை பழைய மந்தம் இல்லை என்பது கண்ணில் தெரிந்தது.

“வயித்துல போயி தேங்காதா?”

“தேங்காதுங்க ஐயா. வயித்துக்குள்ள இருக்கற சவ்வு உறிஞ்சி ரத்தத்துல சேத்துரும்.”

“வேகமா வடிஞ்சா? கான்ல சாய்வு கூடுனா மண்ணை அறுத்துருமே.”

“அந்த ஆபத்து இருக்குதுங்க. வேகமா வடிஞ்சா மூளைக்கு வெளிய ரத்தம் கட்டிக்கலாம். அதுக்குத்தான் குழாய்ல ஒரு சின்ன வால்வு வெப்போம். எவ்வளவு வடியோணும்னு அது பாத்துக்கும். கூட்டோணும், கொறைக்கோணும்னா மறுபடி அறுக்க வேண்டாங்க. வெளிய காந்தம் வெச்சுத் திருப்பலாம்.”

“வெளியயிருந்தேவா?” காத்தமுத்து காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டார். முகம் விரிந்தது. “அப்ப வெட்டுன பெறகும் சாய்வு மாத்தலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லீங்களே.”

டாக்டரம்மா மறைக்காமல் மற்றதையும் சொன்னார். நடை நன்றாகத் தேறும் என்று நம்புகிறேன். ஞாபகம் அந்த அளவுக்குத் தேறுமா என்று சொல்ல முடியாது. குழாய் அடைக்கலாம், தொற்று வரலாம், தொடர்ந்து வந்து காட்ட வேண்டும்.

“அடைச்சா அடைப்பெடுக்கணும். கான்னா அதானே,” என்றார் காத்தமுத்து. பிறகு மருமகனைப் பார்த்தார். “மாப்ள, நீங்க என்னா சொல்றீக?”

அருள்ராஜ் கிட்டே வந்தான். “நீங்க சொல்றதுதானுங்க மாமா.”

“வச்சிரலாம்.”

எப்போது வந்து சேர வேண்டும், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று நர்ஸ் சொல்லத் தொடங்கினாள். ஊருக்குப் போய் எல்லாம் எடுத்துவருகிறேன் என்றாள் விஜயா.

“புதுசா எடுக்க வேணாம்,” என்றார் அப்பா. “மேட்டுப்பாளையத்துக்குன்னு ஒரு பை கட்டி வச்சிருக்கியே, கட்டிலுக்கடியில. அதக் கொண்டாந்துரு.”

விஜயா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்க பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தாம்மா இருந்தேன். பதில் தொண்டைக்கு வர்றதுக்குள்ள நீங்க அடுத்த பேச்சுக்குப் போயிருவீக.” குரலில் கோபம் இல்லை. கான் ஓடும் திசையைச் சொல்வதுபோலச் சொன்னார். “சிவப்பு நூலுல பேரு தச்சிருக்க. ஆஸ்பத்திரியிலயும் துணி மாறாது.”

விஜயா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. காத்தமுத்து வேறு பேச்சுக்குப் போகவில்லை. அவள் பதில் வரட்டும் என்று, மகள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.